விலை கொடுப்பது யார்?

1996இல் வந்த 'இந்தியன்' புரட்சிப் படமொன்றுமில்லை. அமைப்பின் நோயைச் சில அதிகாரிகளின் கெட்ட குணமாகச் சுருக்கி, கத்தியால் தீர்த்துவைத்த பிரதிதான் அது. ஆனாலும் தீர்ப்புச் சொன்னவனே அதில் விலையும் கொடுத்தான். லஞ்சம் தர மறுத்து மகளைப் பறிகொடுத்த சேனாபதி, லஞ்சம் வாங்கி பிரேக் சரியில்லாத பேருந்துக்குச் சான்று தந்த மகனைத் தானே கொல்கிறான். அந்த இடத்தில் எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை, தொண்டை அடைத்தது.

2024இல் அதே ஷங்கரும் கமல்ஹாசனும் தந்த 'இந்தியன் 2'வில் இந்தக் கணக்குதான் காணாமல் போச்சு. அவரவர் வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்கிறான் சேனாபதி. கேட்டு நடந்து, தகப்பனைக் காட்டிக்கொடுத்த பையன் தாயை இழக்கிறான். சொன்னவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. வர்மப் பிடி மட்டும் மிச்சம். தன் கையைச் சுடாத அறம் எதுக்கு ஆகும்? ஊருக்கு உபதேசம், அவ்வளவுதான்.