தூக்கும் விதத்தைக் கவனிக்கும் கேமரா

என் மனைவியின் தம்பி ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு பெட்டி ஒன்றைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக் கொண்டது. ஒன்றரை மாதம் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. "உனக்குச் சரியாகத் தூக்கத் தெரியவில்லை" என்று சொல்லி விட்டார்கள்.

"இப்பல்லாம் எல்லாத்துக்கும் ஏஐ-ன்னு சொல்றாங்களே மாமா, இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

எவ்வளவு தூக்கலாம்?

அமெரிக்காவில் நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் உள்ளது. பணியிடப் பாதுகாப்பை ஆராய்வது இதன் வேலை. எவ்வளவு எடை தூக்கலாம் என்பதற்கு இவர்கள் ஒரு கணக்கு வைத்துள்ளனர். அது 1991-ல் திருத்தி அமைக்கப்பட்டது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்பது இதன் தொடக்கம். பிறகு ஒவ்வொரு சிரமத்திற்கும் எடை குறைந்து கொண்டே வரும்.

கணுக்கால்களுக்கு நடுவிலிருந்து கை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். 25 செ.மீ. என்றால் 23 கிலோ. 50 செ.மீ. என்றால் பாதி, அதாவது 11.5 கிலோதான். தரையிலிருந்து எடுத்தால் இன்னும் குறையும். உடம்பைத் திருப்பித் தூக்கினால் அதற்கும் குறையும்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

ஒவ்வொருவர் அருகிலும் டேப் வைத்து நின்று அளக்க முடியாது அல்லவா? இங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. ஆயிரக்கணக்கான படங்களில் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் இருக்கும் இடங்களை மனிதர்கள் குறித்துக் கொடுத்தார்கள். அவற்றைப் பார்த்துப் பழகிய புரோகிராம், புதிய படத்திலும் அந்த இடங்களைத் தானே கண்டுபிடிக்கிறது. கூகுளின் மீடியாபைப் இப்படிப்பட்ட இலவச சாப்ட்வேர். இது உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய மூன்று புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் இடுப்பு எவ்வளவு வளைகிறது என்ற கோணம் கிடைத்து விடும்.

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். சாதாரண வெப்கேம் போதும். படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாமலும் இயக்கலாம். காலி அட்டைப் பெட்டியோடு என் வீட்டில் செய்து பார்த்தேன். நான் குனியக் குனியத் திரையில் கோடுகளும் கூடவே வளைந்தன.

எதை நம்பக் கூடாது?

பெட்டியின் எடை கேமராவுக்குத் தெரியாது. நாம்தான் தர வேண்டும். பெட்டி கையை மறைத்தால் புள்ளி இடம் மாறி விடும். பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பது நல்லது. செ.மீ. கணக்கு வேண்டுமானால், அளவு தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வலி இருக்கிறதா என்பதைத் தொழிலாளியிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். இந்தப் படத்தை வைத்துத் தொழிலாளியைத் திட்டுவதும் எளிது. ஆனால் அவர் ஏன் அப்படிக் குனிகிறார் என்று கேட்டால்தான் பயன் உண்டு.

மைத்துனரிடம் கேட்டேன். முன்னால் ஓர் அகலமான மேசை கிடக்கிறதாம். அதன் மேல் எட்டித்தான் 15 கிலோ பெட்டியை எடுக்க வேண்டுமாம். மறுநாள் அளந்து வந்து, "கை 50 செ.மீ. தள்ளிப் போகிறது" என்றார். மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் 11.5 கிலோதான் எடுக்கலாம். அதே பெட்டி 25 செ.மீ. தூரத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. தவறு இடுப்பில் இல்லை, மேசையில் இருக்கிறது!

இந்தக் கணக்கை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். மேசையை நகர்த்த இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. ஆனால் "உனக்குத் தூக்கத் தெரியவில்லை" என்ற பேச்சு நின்று விட்டதாம். அடுத்த முறை அரிசி மூட்டையைத் தூக்கும்போது, முதலில் அதை உங்கள் பக்கம் இழுத்துக் கொள்ளுங்கள்.