பழைய கம்பெனிக்குத் திரும்பினால் பழைய சர்வீஸும் திரும்புமா?

திருவொற்றியூர், எண்ணூர் கம்பெனிகளில் பேப்பர் போட்டுவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனவர்கள், ஓரிரு ஆண்டில் பழைய கேட்டிலேயே வந்து நிற்பது புதிதல்ல. போனது சம்பளத்துக்காக, திரும்புவது பெரும்பாலும் தூரத்துக்காக. ஒரு வழிப் பயணமே இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் வீட்டுக்கு எப்போது வந்து சேர்வோம் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் பழைய சூப்பர்வைசர் போன் செய்து "வந்துடுப்பா, இடம் இருக்கு" என்றால் யார்தான் மறுப்பார்கள்?

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிறகுதான் உறுத்தல் தொடங்கும். தன்னிடம் வேலை பழகியவர் இப்போது தனக்கு ஷிஃப்ட் போடுகிறார். நிரந்தர வேலையை விட்டுப் போனவரைக் காண்ட்ராக்டர் வழியாகச் சேர்த்திருக்கிறார்கள். வேலை அதேதான், மெஷினும் அதேதான். சம்பளச் சீட்டில் வேலைக்குச் சேர்ந்த தேதி மட்டும் புதியது.

அந்தத் தேதிதான் விஷயமே.

இந்தப் பகுதியில் கம்பெனியை நம்பும் பழக்கத்துக்கு வரலாறு உண்டு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய அசோக் லேலண்ட். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. அப்பா ரிடையர் ஆன கம்பெனியில் மகன் சேருவது இங்கே சாதாரணம். ஆனால் கம்பெனிகளே இடம் மாறின. ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. அதே 2017 மார்ச்சில் எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. சட்டமோ பழைய உறவையெல்லாம் பார்ப்பதில்லை. ராஜினாமா செய்தால் அந்தக் கணக்கு முடிந்தது, திரும்பி வந்தால் புதுக் கணக்கு.

கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்வோம். பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ச்சியான சர்வீஸ் வேண்டும். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை (முக்கியமாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கான தொகை கிடைக்கும். மாதம் 18,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 10,385 ரூபாய். ஒருவர் நான்கு ஆண்டு வேலை பார்த்து விலகி, திரும்பி வந்து இன்னொரு நான்கு ஆண்டு பார்த்து மறுபடியும் விலகுகிறார். ஒரே கம்பெனியில் எட்டு ஆண்டு உழைத்தும் கையில் வருவது பூஜ்யம். இடையில் விலகாமல் இருந்திருந்தால் 83,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். வருத்தத்துக்கு ஒரு விலை சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சலுகை உண்டு. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்து ஆண்டு முடிந்ததாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என்று நேரடியாக நியமிக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உரிமை வந்துவிடுகிறது. காண்ட்ராக்டர் ஆட்கள் எல்லோரும் இதில் அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிரந்தரமாவதற்கும் இதே சிக்கல்தான். 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் 'பிரேக்' கொடுக்கிறார்கள் என்பது கேட்டுக்கு வெளியே டீ குடிக்கும் எல்லோருக்கும் தெரியும். தானே எழுதிக் கொடுத்துப் போனவர் அந்த பிரேக்கைத் தன் கையாலேயே போட்டுக்கொள்கிறார்.

ஆட்குறைப்பில் போனவரின் நிலை வேறு. கம்பெனி மறுபடி ஆள் எடுக்கும்போது அவருக்கு முன்னுரிமை உண்டு. புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதற்கு ஓராண்டு வரம்பு வைத்திருக்கிறது. ராஜினாமா செய்தவருக்கும் வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கும் அந்த உரிமை இல்லை.

பி.எஃப். மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டும். யு.ஏ.என். எண் ஒன்றே என்பதால் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துக்கொள்ளலாம். பென்ஷனுக்குத் தேவையான பத்து ஆண்டும் கம்பெனி மாறினாலும் கூடிக்கொண்டே வரும். இடையில் பென்ஷன் பணத்தை எடுத்துச் செலவழித்தவருக்குத்தான் அந்த ஆண்டுகள் போய்விடும்.

திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால் பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். சட்டம் தருவதைவிடக் கூடுதலாகக் கம்பெனி தருவதற்கு எந்தத் தடையும் இல்லை. வாய்ச்சொல் போதாது, சொன்ன சூப்பர்வைசரே நாளைக்கு மாறிப் போகலாம். ஏற்கெனவே திரும்பி வந்து, இது சரிவராது என்று தெரிந்துவிட்டதா? இன்னொரு முறை விலகுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ரிலீவிங் கடிதம், சர்வீஸ் சான்றிதழ் இரண்டையும் கையோடு வாங்கிவிடுங்கள். புதிய விதிப்படி பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும், கிராஜுவிட்டி 30 நாளுக்குள். தாமதமானால் கிராஜுவிட்டியை வட்டியோடு கேட்டுத் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். அதற்கு வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.