படம் மங்கினாலும் பேச்சு மங்கக் கூடாது

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகப் போக செல்போன் சிக்னல் தேய்ந்துகொண்டே வரும். சாலை போடுகிறேன் என்று கிராம சபையில் அதிகாரி சொன்னதை ஒருவர் வீடியோ எடுத்திருப்பார். சிக்னல் கிடைத்த இடத்தில் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பப் பார்ப்பார், போகாது. ஊர்ப் பையன் ஒருவன் ஏதோ ஓர் ஆப்பில் போட்டுச் சுருக்கிக் கொடுப்பான். கடைசியில் கள்ளக்குறிச்சி வக்கீலிடம் வந்து சேரும் வீடியோவில் முகம் தெரியும், பேச்சு புரியாது.

வழக்குக்கு வேண்டியதோ அந்தப் பேச்சுதான். 1985-ல் ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒலிப்பதிவுச் சாட்சியத்துக்கு நிபந்தனைகள் வகுத்தது. பேசுவது யாருடைய குரல் என்று நிரூபிக்க வேண்டும். திருத்தியிருக்க வாய்ப்பே இருக்கக் கூடாது. மற்ற இரைச்சலில் அமுங்காமல் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். டேப் ரெக்கார்டர் காலத்துத் தீர்ப்புதான். ஆனாலும் செல்போன் வீடியோவுக்கும் இந்தக் கேள்விகள் எழும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஃபைலின் 'ஹாஷ்' எண்ணைக் குறிக்க வேண்டும். அது ஃபைலின் கைரேகை மாதிரி. வீடியோவைச் சுருக்கினாலோ, ஒரு நொடி வெட்டினாலோ எண் மாறிவிடும். ஆகவே மெமரி நிரம்பிவிட்டதென்று ஒரிஜினலை அழிப்பதைவிடப் பெரிய இழப்பு இதில் இல்லை. முதலில் பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ அப்படியே ஒரு நகல் எடுங்கள். போனில் உள்ளதும் இருக்கட்டும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'வீடியோ'வாக அனுப்பாதீர்கள், எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அது சுருக்கும். 'டாக்குமெண்ட்' வழியாக இணைத்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

சிக்னல் அதற்கும் இடம் கொடுக்காவிட்டால் நகலைச் சுருக்குங்கள், ஆனால் சத்தத்தில் கை வைக்காதீர்கள். கணக்கு எளிது. முழு எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்கு 100 எம்பியைக்கூடத் தொடும். அதில் 128 கேபிபிஎஸ் ஏஏசி ஒலிக்கு ஆவது ஏறக்குறைய 1 எம்பிதான். ஒலியைப் பாதியாக்கினால் மிச்சமாவது அரை எம்பி. படத்தை 480பி ஆக்கினால் பெரும்பகுதி மிச்சம். பல ஆப்கள் 'குறைந்த அளவு' என்றதும் இரண்டையும் சேர்த்தே நசுக்கிவிடும். அப்போது முதலில் போவது உச்ச ஒலிகள். ச, ஸ, ஷ எல்லாம் ஒன்றுபோல் கேட்பது அதனால்தான். எனவே ஒலிக்குத் தனி அமைப்பு உள்ள ஆப்பாகப் பார்த்து 128 கேபிபிஎஸ், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சுருக்கியதையே மறுபடி சுருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரிஜினலிலிருந்தே தொடங்குங்கள். பின்னணிப் பாட்டு சேர்ப்பதும், இரைச்சல் நீக்கும் ஃபில்டர் போடுவதும் கல்யாண வீடியோவுக்குப் போதும். புகாருக்கு உதவாது.

மலைக்காற்றை எந்த ஆப்பாலும் முழுதாக நீக்க முடியாது. எடுக்கும்போதே காற்றுக்கு முதுகு காட்டி, பேசுபவர் அருகில் நில்லுங்கள்.

வீடியோவை ஊர்க் குழுவில் பரப்ப வேண்டாம். குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையையோ சாட்சியான குழந்தையையோ அடையாளம் காட்டினால் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு உங்கள் மேலேயே பாயும்.

பதிவு செய்யும் கடமை போலீசாருக்கும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட பிறகு, மலைக்குச் சாராய சோதனை ஒன்றும் புதிதல்ல. வீட்டைச் சோதனையிடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலி, ஒளியுடன் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு. பதிவு செய்யாமல் சோதனை நடந்தால் வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? மலையாளி பழங்குடியினர் உட்பட எல்லாப் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். அழைக்க வேண்டிய எண் 15100.