கட்டபொம்மனின் நிறத்துக்கு யார் சாட்சி?

அக்டோபர் 16 கட்டபொம்மன் நினைவுநாள் நெருங்குகிறது. கயத்தாறு வட்டாரக் கடிதங்களில் ஒரே குழப்பம்: 2015இல் புதுப்பித்து வெளியிட்ட ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் பார்த்தது 1959இன் அசல் நிறம்தானா?

முதலில், நிறத்துக்குச் சாட்சி கிடைத்த ஓர் ஈரானியப் படம். முகமது ரேசா அஸ்லானியின் ‘காற்றின் சதுரங்கம்’ (1976), பாழடையும் மாளிகையில் சொத்துக்காக நடக்கும் கொலைக் கதை. 1979 புரட்சிக்குப் பின் தடை. தொலைந்தே போனது என்றிருந்தார்கள். 2014இல் டெஹ்ரானின் பழம்பொருள் கடையொன்றில் நெகட்டிவ் பெட்டிகளை இயக்குநரின் மகனே கண்டெடுத்தார். அவை ரகசியமாகப் பாரிஸ் போயின. படம் அங்கேயே மீட்கப்பட்டு 2020இல் திரைக்கு வந்தது. நிறம் எப்படி இருந்தது என்று சொல்ல அஸ்லானியும் ஒளிப்பதிவாளர் ஹூஷங் பஹார்லூவும் இருந்தார்கள்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ இயக்குநர் பந்துலு 1974இல் போய்விட்டார். கட்டபொம்மனாக நடித்து, கயத்தாறில் அவருக்குச் சிலையும் வைத்த சிவாஜியும் 2001இல் மறைந்தார். மிஞ்சும் சாட்சி பிலிம்தான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. படம் எடுத்தது கேவாகலர் பிலிமில். பிரதி போட்டது லண்டன் டெக்னிகலரில். கேவாகலர் நெகட்டிவில் சாயம் பிலிமுக்குள்ளேயே உருவாகிறது. ஆண்டுகள் போகப்போக ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் வெளிறும். டெக்னிகலர் பிரதியோ சிவகாசியில் காலண்டர் அடிப்பதுபோல, ஒவ்வொரு சாயமாக மேலே ஒற்றி எடுத்தது, எளிதில் வெளிறாது. ஆகவே கூர்மைக்கு நெகட்டிவை நம்பலாம். நிறத்துக்கு, கொட்டகையில் ஓடிக் கீறல் விழுந்த பழைய பிரதியே நம்பகமான சாட்சி. அதை அருகில் வைத்துப் பார்க்காமல் கணினியில் ஏற்றும் சிவப்பு, ஏற்றுபவரின் யூகம். யூகத்தை மீட்பு என்று விளம்பரப்படுத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இனி மற்றக் கேள்விகள். அரசின் ‘மீட்பு’? 2022இல் 363 கோடி ரூபாயில் சுமார் 2,200 படங்களை மீட்போம் என்றது ஒன்றிய அரசு. வகுத்தால் படத்துக்குப் பதினாறரை லட்சம். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம்கள். பிரேமுக்கு எட்டு ரூபாய்கூட வராது. அந்தக் காசில் தூசு தட்டலாம். நிறம் தேட முடியுமா?

அகலத்திரைக்கு மாற்றினால்? பழைய படத்தின் தலையும் காலும் வெட்டுப்படும்.

முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931)? பிரதியே இல்லை.

வீட்டில் பழைய பிலிம் சுருள் கிடந்தால்? வெயில் படாத, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காடி வாடை அடிக்கும் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போடாதீர்கள்.