அங்காடியும் ஆட்கணக்கும்

வாணிகம் செய்வார் சரக்கிற்குக் கணக்கு வைத்தல்போலவே அதனை விற்கும் ஆட்களுக்கும் கணக்கு வைத்தல் வேண்டும். சிறு கடையில் இதற்கு முதலாளியின் நினைவே போதியதாகும். பல ஊர்களிற் கிளைகளைப் பரப்பி, பல நூறு பேரைப் பணியிலமர்த்திய பெருங்கடைக்கோ நினைவும் போதாது, ஏடும் போதாது. இக்குறையை நீக்க எழுந்ததே மனிதவளத் தகவல் முறைமை எனப்படும் கணினி ஏற்பாடு. அதன் இயல்பையும் பயனையும், அதனிடத்து நாம் கொள்ளவேண்டிய விழிப்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பணியாளர் ஒருவர் சேர்ந்த நாள் முதல் விலகும் நாள் வரை அவர் வேலை பற்றிய செய்திகளை ஓரிடத்துத் தொகுத்து வைப்பதே இம்முறைமை. முன்னாளில் வருகை ஓர் ஏட்டிலும், விடுமுறை மற்றோர் ஏட்டிலும், சம்பளம் வேறோர் ஏட்டிலும் இருந்தன. ஒன்றினின்று மற்றொன்றிற்கு எடுத்தெழுதுங்கால் நேரும் பிழை பணியாளர் கூலியிற் சென்று முடியும். கணினியிலோ, வாயிலிற் பதிவாகும் வருகையே சம்பளக் கணக்கிற்கும் அடிப்படையாகிறது.

கணினியை வாணிக அலுவலுக்கு முதன்முதற் பயன்படுத்தியோருள் இலண்டன் மாநகரில் தேநீர்க்கடைகள் பல நடத்திய லயன்ஸ் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் தாமே அமைத்த 'லியோ' என்னும் கணினி 1951-ஆம் ஆண்டில் அலுவலகப் பணியைத் தொடங்கிற்று. 1954-இல் தொழிலாளர் சம்பளத்தைக் கணக்கிடலாயிற்று. தேர்ந்த கணக்கர் ஒருவர் 8 நிமிடத்தில் முடித்த கணக்கை அஃது 1½ விநாடியில் முடித்ததாகக் கூறுவர்.

சில்லறை வணிகத்தில் இதன் தேவை பெரிது. இங்கு ஆட்கள் அடிக்கடி மாறுவர்; பகுதிநேரத்தார் பலர்; திருவிழாக் காலங்களிற் கூட்டம் பெருகிப் பின் குறையும். எந்நாளில் எத்துணைப் பேர் வேண்டும் என்பதை முந்திய விற்பனையைக் கொண்டு கணித்து, வேலைப் பட்டியலைக் கணினியே வகுத்துத் தருகிறது. கடைக்காரர்க்கு இதனால் வீண்செலவு குறைகிறது.

எனினும் இவ்விடத்தேதான் இடர்ப்பாடும் தோன்றுகிறது. இரவு கடையடைத்தவரே விடியலிற் கடை திறக்குமாறு பட்டியல் அமையலாம். இடையே அவர் வீடு செல்லவும், உண்ணவும், உறங்கவும் வேண்டும் என்பதைப் பிறர் அறிவித்தாலன்றிக் கணினி அறியாது. இதனை உணர்ந்து, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தார் 2017-இல் ஒரு சட்டம் இயற்றினர். பெரிய கடைகள் வேலைப் பட்டியலை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். ஒரு முறைவேலை முடிந்து 10 மணி நேரம் கழியுமுன் மீண்டும் வேலை வாங்கின் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்பன அதன் விதிகளுட் சில.

பதிவின் செம்மையும் சிறிய காரியமன்று. நம் நாட்டில் வருங்கால வைப்பு நிதியிற் சேர்ந்த தொழிலாளர்க்கு 2014 முதல் 12 இலக்கங்கொண்ட பொதுக்கணக்கெண் வழங்கப்பெறுகிறது. கடை மாறினும் எண் மாறாது. ஆயினும் கடையார் பதிவிற் பெயரோ பிறந்த நாளோ பிழைபடின், அந்நிதியைப் பெறுங்கால் அலைச்சல் நேரும். தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஏட்டிற் சுருங்கியும் மற்றோர் ஏட்டில் விரிந்தும் நிற்றல் தமிழரிடைப் பெருவழக்காதலின், இப்பிழை நம்மவர்க்கு எளிதில் நேரக்கூடியது. ஓரெழுத்துப் பிழையாயினும், அதனால் தடைப்படுவது ஒரு மகளின் திருமணச் செலவாகவோ மனைவியின் மருத்துவச் செலவாகவோ இருத்தல் கூடும்.

ஆகவே, தம்மைப்பற்றிய பதிவைப் பணியாளர் தாமே கண்டு, பிழையிருப்பின் திருத்தக் கோரும் வழி இம்முறைமையில் இருத்தல் இன்றியமையாதது. அவர்க்கு விளங்கும் மொழியில் அஃது அமைதல் அதனினும் இன்றியமையாதது. நம்முட் சிலர் நாளை வாணிக நிலையங்களிற் பொறுப்பேற்பர். அன்று பட்டியலில் ஒரு பெயரை ஏற்றுமுன், அப்பெயர்க்குரியார் முந்திய இரவு எப்பொழுது வீடு திரும்பினார் என்பதையும் உசாவுவாராக.