மழையின் வகையறிந்து கமஞ்செய்வோம்

25 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய ஓர் இலட்சம் லீற்றர் நீரைச் சொரிகின்றது. அந்நீர் அரைமணி நேரத்திற் கொட்டித் தீர்ந்தால் பயன் ஒன்று. பகல் முழுவதும் நின்று பெய்தால் பயன் வேறு. ஆகவே, எவ்வளவு பெய்தது என்பதோடு எவ்வகை மழை பெய்தது என்பதையும் கமக்காரர் அறிதல் வேண்டும்.

இடிமழை: மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர் மாதத்திலும் பெரும்பாலும் பிற்பகலிற் பெய்வது இதுவே. வெயிலாற் சூடேறிய நிலத்தின் மேலுள்ள ஈரவளி உயர எழுந்து, குளிர்ந்து, முகிலாகி மழையைத் தருகின்றது. வீதியின் ஒரு பக்கம் நனைய மறுபக்கம் காய்ந்திருத்தலும் உண்டு. பெருந்துளிகள் மண்ணைச் சிதறடித்து மேற்பரப்பை இறுக்குவதால், நீரிற் பெரும்பகுதி ஓடிவிடும். இம்மழையைப் பருவமழையென எண்ணி மானாவாரி வயலில் விதைப்போர் ஏமாறுவதுண்டு; முளைத்த நெல் அடுத்து வரும் வெயிலிற் கருகும். மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். ஈரம் ஒரு சாண் ஆழம் இறங்கவில்லையாயின், அம்மழையை உழவுக்கு மாத்திரம் பயன்படுத்துக.

வாடைமழை: டிசம்பர் முதல் பெப்ருவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகின்றது. இம்மழை பரந்து பெய்யும், மண்ணில் ஊறும், குளங்களை நிரப்பும். ஆனால் இலைகள் நெடுநேரம் நனைந்திருப்பதால் எரிபந்த நோய் பரவ இடமுண்டு. இக்காலத்தில் யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடலாகாது. பெருமழை வருமெனத் தோன்றும் நாளிற் பசளையிடின் அது நீரோடு வரம்பு கடந்து போகும்.

தாழமுக்க மழை: கடலில் உருவாகும் தாழமுக்கம் சில வேளைகளிற் சூறாவளியாகும். 1964 டிசம்பரில் வடபகுதியையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகளை மூத்தோர் மறவார். அறிவித்தல் கிடைத்ததும் வக்கடைகளைத் திறந்துவிடுக. மிளகாய், வெங்காயப் பாத்திகளின் வடிகால்களைத் துப்புரவாக்குக. அறுத்த நெல்லை மேட்டுக்குக் கொண்டு செல்க.

மலைமழை: தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, கிழக்கே வறண்ட கச்சானாக வீசுகின்றது. அங்கே சிறுபோகத்துக்குக் குளத்து நீரே துணை. குளத்தின் இருப்பை அறிந்த பின்னரே விதைக்கும் பரப்பைத் தீர்மானித்தல் நன்று.

நேரான பக்கங்களையுடைய தகரப்பேணி ஒன்றை வெளியில் வைத்து, அதில் தேங்கும் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்திடுக. திகதி, நேரம், மழையின் வகை ஆகியவற்றையும் கொப்பியிற் குறித்து வருக. சில ஆண்டுகளில் அக்கொப்பியே உங்கள் வயலுக்கு உகந்த வழிகாட்டியாகும்.