அப்பாவுக்காக ஓர் ஆடுகளம்

அண்ணன் செம்பவாங்கில் வரிசைத் தரைவீடு ஒன்றுக்குக் குடிபோனதும் அவருடைய பத்து வயது மகள் கேட்ட முதல் கேள்வி, “பின்னால இடம் இருக்காப்பா?” என்பதுதான். பள்ளியில் பூப்பந்து ஆடுகிறாள். வீட்டுக்குப் பின்னால் ஆடுகளம் போட்டால் தினமும் ஆடலாம் என்பது அவள் கணக்கு.

என் கணக்கு வேறு. அம்மா காலமான பிறகு அப்பா வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஏறி இறங்கியவர், இப்போது பகல் முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நானோ வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள். அவர் எழுவதற்குள் கிளம்பிவிடுவேன். “ஊருக்கெல்லாம் காலை வணக்கம் சொல்ற, எனக்கு மட்டும் சாயங்காலம்தான்” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் வீட்டில் ஆடுகளம் வந்தால், பேத்தி ஆடுவதைப் பார்க்கவாவது அப்பா வெளியே வருவார் என்று நினைத்தேன்.

அளவுநாடா சொன்ன பதில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு இறங்கினோம். பூப்பந்து இரட்டையர் ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். செப்பாக் தக்ராவுக்கும் இதே அளவுதான். இப்போது எல்லாரும் ஆடும் பிக்கல்பாலுக்கும் இதே அளவுதான். கோட்டுக்கு வெளியே ஓடித் திரும்பவும் இடம் வேண்டும். பிக்கல்பாலுக்குச் சுற்றிலும் சேர்த்துக் குறைந்தது 18.3 மீட்டருக்கு 9.1 மீட்டர் என்கிறார்கள்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிப்படி, இரு வீடுகளுக்கு நடுவே அமையும் வரிசை வீட்டு மனையின் குறைந்தபட்ச அகலமே 6 மீட்டர். அதாவது வீட்டையே இடித்துவிட்டு ஆடுகளம் போட்டாலும் ஓரக் கோடு பக்கத்து வீட்டில் இருக்கும்! அண்ணன் வீட்டின் பின்கட்டு நீளம் நான்கு மீட்டர்கூட இல்லை. அண்ணி துணி காயப்போடும் கம்பியைக் காட்டி, “இதையே வலையா வச்சுக்கோங்க” என்றார்.

இடம் உள்ளவர்களுக்கும் இது சுலபமில்லை. விசாரித்தபோது ஒப்பந்தக்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அடியில் கெட்டியான கான்கிரீட் தளம் வேண்டும். மேலே வழுக்காத அக்ரிலிக் பூச்சு. மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால்தான் மழைநீர் வடியும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சரிவு சரியாக இல்லையென்றால் ஆடுகளம் குளமாகிவிடும்.

அடுத்தது சத்தம். கெட்டி மட்டையில் பிளாஸ்டிக் பந்து படும் ஓசை சுவரில் பட்டு எதிரொலிக்கும். பிக்கல்பால் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று 2025ல் பல அடுக்குமாடிப் பேட்டைகளிலிருந்து புகார்கள் வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீட்டில் அண்டை வீட்டாரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

பின்கட்டில் பிறந்த விளையாட்டு

வேடிக்கை என்னவென்றால், பிக்கல்பாலே ஒரு வீட்டுப் பின்கட்டில் பிறந்ததுதான். 1965ல் அமெரிக்காவின் சியாட்டலுக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டு என்பவரின் வீட்டில் பழைய பூப்பந்து ஆடுகளம் ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. பூப்பந்துச் சாமான்களும் முழுதாக இல்லை. மேசைப்பந்து மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டு ஆட, அதுவே புதிய விளையாட்டானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967ல், அதற்கென முதல் நிரந்தர ஆடுகளத்தை அவருடைய அண்டைவீட்டார் தம் பின்கட்டில் அமைத்தார்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “அமெரிக்கா எதுக்கு? நேவல் பேஸ்ல எங்க குவார்ட்டர்ஸ் பக்கத்துலயே இருந்துச்சே!” என்றார்.

தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அப்பா சிறுவனாக இருந்தபோது அக்கம்பக்கத்தார் சேர்ந்து மண்ணைச் சமப்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு மரக்கம்பங்களில் வலை கட்டினார்களாம். 1950ல் அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை முதன்முதலாக வென்ற ஆசியரான சிங்கப்பூரின் வோங் பெங் சூனைப் பற்றி அங்கே பேசாத நாளே இல்லையாம். மழை பெய்தால் கோடு அழிந்துவிடும். மறுபடி போடுவார்கள். “யாரு வீட்டு ஆடுகளம்ப்பா?” என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும்? கோடு போட வந்தவன் ஆடுவான்” என்றார்.

அரைமணி நேரம் பேசினார். அம்மா போன பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு புளோக் தள்ளி

அப்பாவும் நானும் இருக்கும் வீவக வீட்டிலிருந்து இரண்டு புளோக் தள்ளி ஓர் ஆடுகளம் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் பேருந்துக்கு நடக்கிறேன். தளமும் சரிவும் கோடும் எல்லாம் தயாராக இருக்கின்றன. எங்களிடம் இல்லாதது வலை மட்டும்தான். மடித்து எடுத்துச் செல்லும் வலை ஒன்று வாங்கினோம். மழை நாளென்றால் உள்ளரங்கில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

முதல் ஞாயிறு அப்பா கல் மேடையில் உட்கார்ந்து புள்ளி எண்ணினார். பேத்திக்குச் சாதகமாகத்தான். இரண்டாம் வாரம், தக்ராவ் ஆட வந்த மலாய்க்காரர் ஒருவர் எங்கள் ஆட்டம் முடியக் காத்திருந்தார். அப்பா அவரோடு மலாயில் பேச்சுக் கொடுத்தார். அவரும் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவராம். பேச்சு உணவங்காடி நிலையம் வரை நீண்டது. நாங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனோம்.

மூன்றாம் வாரம் அப்பா மட்டையைக் கேட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மெதுவாக ஒரு சர்வீஸ் போட்டார். பந்து வலையைத் தொட்டு அந்தப் பக்கம் விழுந்தது. “லெட்!” என்று கத்தினாள் பேத்தி. “எங்க ஆடுகளத்துல இது பாயிண்ட்டு” என்றார் அப்பா.

நேற்றிரவு நான் தூங்கப் போகும்போது அறைக் கதவைத் தட்டினார். “ஞாயித்துக்கிழமை ஏழரைக்கெல்லாம் கிளம்பிடணும். லேட்டானா வேற ஆளுங்க எடுத்துடுவாங்க.”